சான்றுப் பொருள் ஏழு

முல்லைத்தீவு நீதிமன்றத்தின் பின்பக்கம்
சான்றறைத் திறப்பு என் இடுப்பில் கிடக்கிறது.
கசிப்புக் கான்கள், தங்கூசி வலை,
திருட்டு முதிரைக் குற்றி,
மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தின் ஒற்றைச் சில்லு.
இவற்றுக்கு நடுவே மாசியில் வந்தது
பெட்டகம்.

மாங்குளம் சந்தியில் லொறியை மறித்தார்களாம்.
மேலே உழுந்து மூட்டை.
கீழே பிரம்பு அறுந்த சாய்மனைக் கதிரை இரண்டு,
நெளிந்த வெள்ளித் தட்டம் ஒன்று, செம்பு இரண்டு,
தந்தப் பிடி போட்ட பாக்குவெட்டி.
ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதி நூலில் கட்டினேன்.
பெட்டகம் ஏழு.

கருங்காலி. மூடியில் கொடி ஓடுகிறது,
கொடியில் பதினொரு பூ, பூவுக்கு ஐந்து இதழ்,
எல்லாம் யானையின் பல்.
பழைய சரக்கு, ஒல்லாந்தன் காலம் என்று
பொலிசுக்கு முன்னால் பெருமையாய்ச் சொன்ன
லொறிக்கார நிஸ்தார்
கூண்டில் ஏறியதும்
போன வருசம் செய்தது, எலும்பு என்றான்.

வன்னியில் இப்போது கொம்பன் எங்கே?
என் வயலை மிதிப்பதெல்லாம் அலியன்.
கொம்பு முளைத்ததை எப்போதோ
பெட்டகம் ஆக்கிவிட்டார்கள்.
முளைக்காதது மிஞ்சியது.
அதற்கு மின்வேலி,
பூசணிக்காய்க்குள் வெடி.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி
வில்லையை இதழ் இதழாக நகர்த்தினார்.
தந்தத்தில் வலை மாதிரிக் கோடு பின்னியிருக்கும்,
மாட்டெலும்பில் புள்ளி இருக்கும் என்றார்.
ஒன்பதாம் பூவில் நின்றார்.
நகத்தால் சுரண்டினார்,
மணந்தும் பார்த்தார்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு அறிக்கையில் எழுதினார்:
ஒன்பதாம் பூ, இதழ் இரண்டு, பிளாஸ்ரிக் குழாய்.

விற்றவளைக் கூப்பிட்டார்கள்.
இராசகுலம் தவமலர், ஒட்டுசுட்டான்.

பெட்டகம் யாருடையது?
வீட்டில கிடந்தது ஐயா.
யார் தந்தது?
ஒருத்தரும் தரேல்லை. விதைநெல்லுப் போட்டு வைக்கிறது.
தந்தம் என்று தெரியுமா?
வெள்ளை எண்டு தெரியும்.

பிறகு யாரும் கேளாமலே சொன்னாள்.
ரெண்டு தரம் தாட்டது ஐயா, கோழிக்கூட்டுக்குக் கீழ.
முதல்தரம் திரும்பி வந்து கிண்டேக்க
ரெண்டு இதழ் இல்லை.
இவர் கிணத்துக் குழாயில மிஞ்சின துண்டைச்
சுடுதண்ணியில போட்டு நிமித்தி,
பிளேட்டால வெட்டி ஒட்டினவர்.
மழைநாள். வேற வேலை இல்லை.
ரெண்டாந்தரம் கிண்டினது நான் தனிய.

நீதவான் பேனையை வைத்தார்.

விக்கேக்கயும் கேட்டனான்,
அந்த ரெண்டையும் கழட்டித் தாங்கோ எண்டு.
பூ உடைஞ்சா விலை விழுமாம்.
யானைப் பல்லை அரசாங்கம் எடுக்கட்டும்.
அந்த ரெண்டையும் எனக்குத் தாங்கோ.

அரச தரப்பு எழுந்து
சான்றைப் பிரிக்க இடமில்லை என்றது.
நிஸ்தாரின் சட்டத்தரணியும்
அன்றைக்கு முதல்தடவையாக
அதற்கு உடன்பட்டார்.
தவணை ஆவணி பதினாலு.
கையெழுத்து வைத்துவிட்டு
அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பின்னேரம் நான் அறையைப் பூட்டவில்லை.
லைட்டைப் போட்டு மூடியில் குனிந்தேன்.
முந்நூறு வருசத் தந்தம் வற்றி
விளிம்பெல்லாம் இடைவெளி,
தட்டினால் சில ஆடுகின்றன.
ஒன்பதாம் பூவில்
அந்த இரண்டும் மரத்தைவிட்டு அசையவில்லை.
குழாய்ப் பசை போட்டிருக்கிறான்.
ஒன்று கொஞ்சம் பெரிது, வெட்டுக் கோணல்.
நகத்தை விட்டு நெம்பினேன்,
பதினேழு வருச உத்தியோகத்தில்
நான் தொட்ட முதல் களவு.
நகம்தான் வளைந்தது.

பெட்டகத்தின் உள்மூலையில் மூன்று நெல்.
இலக்கம் போடவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
ஏழு, பெட்டகம், பூ பதினொன்று,
இதழ் ஐம்பத்தைந்து,
குறைவில்லை.